வீட்டு டிவிஆரை வெளியூரிலிருந்து பார்க்க: போர்ட் ஃபார்வர்டிங்கா, வயர்கார்டா, டெயில்ஸ்கேலா?

வெளியூரில் இருந்துகொண்டு வீட்டு டிவிஆரின் (கேமராப் படங்களைப் பதிவுசெய்யும் பெட்டி) கேமராக்களைக் கைப்பேசியில் பார்க்க ஐந்தாறு வழிகள் உண்டு. கேமரா பொருத்த வருபவர் வழக்கமாகச் செய்துவிட்டுப் போவது இரண்டில் ஒன்றுதான். டிவிஆரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஆப்பில் ஸ்கேன் செய்து கொடுப்பார். இல்லாவிட்டால் மோடத்தில் டிவிஆருக்கென்று ஒரு போர்ட்டை, அதாவது எண்ணிட்ட நுழைவாயிலை, திறந்துவிடுவார்; வெளியிலிருந்து அதற்கு வருவதை மோடம் டிவிஆருக்கு அனுப்பும். இதுதான் போர்ட் ஃபார்வர்டிங். இரண்டாவதுதான் முறையான வழி என்று நம்பிப் பலர் கேட்டு வாங்குகிறார்கள். போர்ட் ஃபார்வர்டிங் நல்ல கருவிதான். ஆனால் டிவிஆரின் போர்ட்டை நேராக இணையத்துக்குத் திறந்துவைப்பது அந்தக் கருவியைத் தவறான இடத்தில் பயன்படுத்துவது.

முதலில் வேன் ஐபி

எந்த வழி என்று யோசிப்பதற்கு முன் மோடத்தின் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்து வேன் ஐபி (மோடத்தின் இணையப் பக்க முகவரி) என்ற வரியைப் பாருங்கள். பிறகு அதே வைஃபையில் இருந்தபடி, ‘என் ஐபி என்ன’ என்று காட்டும் தளம் ஒன்றைத் திறந்து இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றென்றால் உங்களிடம் பொது முகவரி இருக்கிறது. போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யும்.

மோடத்தில் 100.72.14.9 என்பதுபோல, 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கும் எண் இருந்தால் நீங்கள் சிஜிநாட்டுக்கு, அதாவது இணைய நிறுவனமே முகவரியைப் பங்கிடும் ஏற்பாட்டுக்கு, பின்னால் இருக்கிறீர்கள். ஐபிவி4 முகவரிகள் தீர்ந்துவரும் நிலையில், ஒரு பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுவதற்காக 2012-இல் ஒதுக்கப்பட்ட எண்வரிசை இது. சில நிறுவனங்கள் இதற்கே 10-இல் தொடங்கும் எண்களைத் தருகின்றன. வெளியிலிருந்து வரும் இணைப்பு நிறுவனத்தின் பெட்டியோடு நின்றுவிடும், உங்கள் மோடம் வரை வராது. மோடத்தில் எத்தனை விதி எழுதினாலும் பயனில்லை. மாதக் கட்டணம் கட்டி ஸ்டேட்டிக் ஐபி (மாறாத பொது முகவரி) வாங்க வேண்டும், அல்லது போர்ட் தேவைப்படாத வழிக்குப் போக வேண்டும்.

வேன் ஐபி 192.168 என்று தொடங்கினால் சிக்கல் வேறு. நிறுவனம் கொடுத்த ஓஎன்டி (ஃபைபர் மோடம்) பெட்டிக்குப் பின்னால் உங்கள் சொந்த ரவுட்டர் இருக்கிறது, இரண்டுமே நாட் (ஒரு முகவரியைப் பல கருவிகளுக்குப் பங்கிடுவது) செய்கின்றன. ஓஎன்டியை பிரிட்ஜ் மோடுக்கு (நாட் செய்யாமல் இணைப்பை அப்படியே ரவுட்டருக்கு விடும் நிலை) மாற்றி, இணைப்புக்குள் நுழைவதற்கான பிபிபிஓஈ பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் ரவுட்டரில் போட்டால் தீரும். லைன்மேனிடம் விலேன் எண்ணையும் (நிறுவனத்தின் வலையில் உங்கள் இணைப்புக்குரிய எண்) கேட்டு வாங்குங்கள்; அது இல்லாமல் பல இணைப்புகள் எழாது. தரைவழித் தொலைபேசிக்கு ஓஎன்டியில் தனி வாய்ஸ் வேன் இருக்கும், அதைத் தொடாதீர்கள்.

போர்ட் ஃபார்வர்டிங்

விதி எழுதுவதற்கு முன் டிவிஆரின் முகவரி மாறாமல் இருக்க வேண்டும். மோடத்தின் டிஹெச்சிபி ரிசர்வேஷனில் டிவிஆரின் மேக் முகவரியோடு (கருவிக்கே உரிய வன்பொருள் எண்) ஓர் ஐபியைக் கட்டிப்போடுங்கள். இதைச் செய்யாத வீடுகளில், கரண்ட் போய் வந்த மறுநாள் கேமரா தெரியவில்லை என்று புகார் வரும்.

மெனுவின் பெயர் பெட்டிக்குப் பெட்டி வேறு. டிபி-லிங்க் ரவுட்டரில் ‘விர்ச்சுவல் சர்வர்’. ஹுவாவே ஓஎன்டியில் ‘ஃபார்வர்ட் ரூல்ஸ்’ என்பதன் கீழ் ‘போர்ட் மேப்பிங்’. சாதாரணப் பயனராக நுழைந்தால் இந்த மெனுவே தெரியாத ஓஎன்டிகளும் உண்டு. அட்மின் கணக்கு வேண்டும்.

நிரப்ப வேண்டியவை நான்கு: வெளிப் போர்ட், உள் ஐபி, உள் போர்ட், டிசிபியா யுடிபியா (தகவல் போகும் இரு முறைகள்). தாஹுவா வகை டிவிஆருக்கு 37777 டிசிபி, ஹிக்விஷனுக்கு 8000 டிசிபி. இந்த நான்கையும் சரியாகப் போட்ட பிறகும் வேலை செய்யாமல் போவதற்கு நான்கு காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வரும்.

ஓஎன்டியில் இன்டர்நெட், டிஆர்069 (நிறுவனம் பெட்டியை நிர்வகிக்க), வாய்ஸ் என்று இரண்டு மூன்று வேன்கள் (வெளி இணைப்புகள்) பட்டியலிடப்பட்டிருக்கும். விதியில் ‘இன்டர்நெட்’ என்று பெயரில் உள்ள வேனைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டிவிஆரின் நெட்வொர்க் பக்கத்தில் கேட்வே காலியாகவோ, கம்பெனியிலிருந்து வந்த எண்ணாகவோ இருந்தால் வீட்டுக்குள் படம் நன்றாகத் தெரியும், வெளியே தெரியாது. கோரிக்கை டிவிஆர் வரை வந்துசேர்கிறது. பதிலை எந்த வாசல் வழியாக அனுப்புவது என்று டிவிஆருக்குத் தெரிவதில்லை. கேட்வேயில் மோடத்தின் ஐபியைப் போட்டவுடன் படம் வந்துவிடும். மணிக்கணக்கில் மோடத்தையே நோண்டிக்கொண்டிருப்பவர்கள் முதலில் இந்த ஒரு கட்டத்தைப் பார்க்கலாம்.

வீட்டு வைஃபையில் இருந்தபடியே வெளி முகவரியைத் தட்டிச் சோதித்தால், நாட் லூப்பேக் (உள்ளிருந்தே வெளி முகவரியை எட்டும் வசதி) இல்லாத மோடம் இணைக்காது. வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் சோதியுங்கள்.

கடைசியாக, ஸ்டேட்டிக் ஐபி இல்லையென்றால் மோடம் மறுபடி இணையும்போது வெளி முகவரி மாறிவிடலாம். டக்டிஎன்எஸ் போன்ற இலவச டைனமிக் டிஎன்எஸ் பெயர் (மாறும் முகவரியைத் தானே பின்தொடரும் பெயர்) ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். நோ-ஐபியின் இலவசப் பெயரை 30 நாளுக்கு ஒருமுறை உறுதிசெய்யாவிட்டால் அது போய்விடும்.

எல்லாம் சரியாக அமைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இப்போது உலகத்துக்கும் உங்கள் டிவிஆருக்கும் நடுவில் இருப்பது டிவிஆரின் மென்பொருள் மட்டுமே. 2016-இல் மிராய் என்ற தீநிரல், ஆலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத டிவிஆர்களையும் ஐபி கேமராக்களையும் டெல்நெட் (தொலைவிலிருந்து கட்டளையிடும்) போர்ட் வழியாகப் பிடித்துப் பெரும் தாக்குதல்களுக்குப் பயன்படுத்தியது. 2021-இல் ஹிக்விஷன் கருவிகளில் வெளியான குறைக்குக் கடவுச்சொல்லே தேவைப்படவில்லை. வலைப்பக்கப் போர்ட் எட்டினால் போதும், கருவி மொத்தமும் கைமாறிவிடும். வெளிப் போர்ட்டை 37777-க்குப் பதில் 47777 என்று மாற்றுவது சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும், காவல் ஆகாது. எல்லா போர்ட்களையும் தேடும் ஸ்கேனர்கள் நாள் முழுக்க ஓடுகின்றன.

மோடத்திலுள்ள டிஎம்இசட் வசதி இதைவிட மோசம். மிச்சமிருக்கும் எல்லா போர்ட்களையும் அந்த ஒரே கருவிக்குத் திருப்பிவிடும். யுபிஎன்பி உங்களைக் கேட்காமலே கருவிகள் தாமாகப் போர்ட் திறந்துகொள்ள அனுமதிக்கிறது. விளையாட்டுக் கன்சோலுக்கு அது வசதி. கேமராவுக்கு வேண்டாம்.

வயர்கார்ட்: திறப்பது ஒரே ஒரு போர்ட்

வயர்கார்ட் ஒரு விபிஎன்; கைப்பேசியை வீட்டு வலையோடு மறைகுறியாக்கி இணைக்கும் தனிவழி. பொது முகவரி இருப்பவர்களுக்கு எங்கள் தேர்வு இதுதான். இதற்கும் போர்ட் ஃபார்வர்டிங் வேண்டும், ஆனால் 51820 யுடிபி ஒன்று மட்டும். சரியான சாவி இல்லாமல் வரும் எதற்கும் வயர்கார்ட் பதிலே சொல்லாது. ஸ்கேனருக்கு அங்கே ஒன்றும் இருப்பதாகவே தெரியாது. டிவிஆரின் மென்பொருள் எவ்வளவு பழையதானாலும் அது வீட்டுக்குள் மறைந்தே இருக்கும்.

ஏசூஸ் ரவுட்டர்கள் சிலவற்றிலும், ரவுட்டர்ஓஎஸ் 7 ஓடும் மைக்ரோடிக்கிலும் வயர்கார்ட் உள்ளேயே வருகிறது. இல்லாவிட்டால் ஒரு ராஸ்பெர்ரி பை (சிறு கணினி) போதும். பையில் ஐபி ஃபார்வர்டிங்கும் (தகவலை வீட்டு வலைக்குக் கடத்துவது) மாஸ்கரேடும் (அதைப் பையின் முகவரியிலேயே அனுப்புவது) போட மறக்காதீர்கள். மாஸ்கரேட் இல்லாவிட்டால் டிவிஆரின் பதில் மோடத்துக்குப் போய் அங்கேயே தொலையும். இணைந்துவிட்டதாகக் காட்டியும் படம் பாதியில் நின்றால் எம்டியூவை (ஒரு தகவல் பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) பாருங்கள். பிபிபிஓஈ இணைப்பில் 1492-இலிருந்து 80 கழித்து 1412 என்று வைப்பது பாதுகாப்பான கணக்கு.

டெயில்ஸ்கேல்: சிஜிநாட் வீடுகளுக்கு

இதுவும் உள்ளே வயர்கார்டையே பயன்படுத்துகிறது. வீட்டிலிருக்கும் கருவியும் உங்கள் கைப்பேசியும் வெளியே நோக்கி இணைந்து நடுவில் சந்திக்கின்றன. அதனால் மோடத்தைத் தொடவே வேண்டியதில்லை, பொது முகவரியும் வேண்டாம். வீட்டுப் பயன்பாட்டுக்கு இலவசத் திட்டம் இருக்கிறது.

டிவிஆரில் இதை நிறுவ முடியாது. ஆகவே வீட்டில் எப்போதும் ஓடும் ஒரு பையை ‘சப்நெட் ரவுட்டர்’ (வீட்டு வலைக்கு வழிவிடும் கருவி) ஆக்க வேண்டும். பையில் வழியை அறிவித்தால் மட்டும் போதாது. வலைத்தளத்தின் அட்மின் பக்கத்துக்குப் போய் அந்த வழிக்கு ஒப்புதலும் தர வேண்டும்.

இரண்டு பொறிகள் உண்டு. டெயில்ஸ்கேலின் சாவி இயல்பாக 180 நாளில் காலாவதியாகும். ஆறு மாதம் ஒழுங்காக ஓடி, நீங்கள் வெளிநாட்டில் இருக்கும் நாளில் பை வெளியேறிவிடும். அம்மாவிடம் போனில் சொல்லிச் சரிசெய்யும் வேலை அல்ல அது. பைக்கு மட்டும் ‘கீ எக்ஸ்பைரி’யை அமைத்த அன்றே அணைத்துவிடுங்கள். அடுத்தது, வீட்டிலும் நீங்கள் தங்கியிருக்கும் இடத்திலும் ஒரே 192.168.1 வரிசை இருந்தால் டிவிஆரின் எண்ணைத் தட்டும்போது பக்கத்து அறைக் கருவிக்குப் போகும். வீட்டு வரிசையை 192.168.37 போல யாரும் வைக்காத ஒன்றாக மாற்றிவிடுங்கள். வயர்கார்டுக்கும் இதே விதி.

நேரடி இணைப்பு கிடைக்காதபோது டெயில்ஸ்கேல் தன் இடைநிலை சர்வர் வழியாகப் போகும், வேகம் குறையும். அப்போது மெயின் ஸ்ட்ரீமை விட்டு சப் ஸ்ட்ரீமில் பாருங்கள். 4 மெகாபிட் கேட்கும் படம் அரை மெகாபிட்டில் வந்துவிடும்.

மற்றவை

க்யூஆர் வழி எளிது, சிஜிநாட்டிலும் ஓடும். விலை என்னவென்றால் உங்கள் வாசலுக்கான வழியைத் தயாரிப்பாளரின் சர்வர் வைத்திருக்கிறது. கணினி பழக்கமே இல்லாத வீட்டில், திறந்த போர்ட்டைவிட இது எவ்வளவோ மேல் என்று தயங்காமல் சொல்வோம். ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, கடவுச்சொல்லை மாற்றி வைத்தால் போதும்.

கிளவுட்ஃபிளேர் டனல் (அந்நிறுவனத்தின் சர்வர் வழியாகப் போகும் இணைப்பு) வலைப்பக்கங்களுக்கு அருமை. சொந்த டொமைன் வேண்டும். டிவிஆர் ஆப் பேசும் 37777 போன்ற போர்ட்டுக்கு அது பொருந்தாது. புதிய முகவரி முறையான ஐபிவி6-இல் நாட் இல்லாததால் ஃபார்வர்டிங்கும் இல்லை, ஃபயர்வாலில் ஒரு துளை போதும். ஆனால் பல ஓஎன்டிகளில் அந்த ஃபயர்வாலுக்கு இருப்பது ஆன், ஆஃப் இரண்டே நிலை. ஆஃப் செய்தால் வீட்டின் எல்லாக் கருவிகளும் வெளியே தெரியும்.

போர்ட் ஃபார்வர்டிங்குக்கே உரிய இடமும் உண்டு. நண்பர்கள் சேர்ந்து ஆடும் மைன்கிராஃப்ட் சர்வருக்கு 25565-ஐத் திறப்பது சரியான பயன்பாடு. அங்கே வருபவர்கள் வெளியாட்களாகவே இருக்க வேண்டும்.

ஏற்கெனவே டிவிஆருக்குப் போர்ட் திறந்திருந்தால் மாற்று வழி ஓடத் தொடங்கியதும் பழைய விதியை நீக்குங்கள். மோடத்திலும் டிவிஆரிலும் யுபிஎன்பியை அணைத்து இரண்டையும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு வைஃபையும் விபிஎன்னும் இல்லாமல், மொபைல் டேட்டாவில் பழைய முகவரியையும் போர்ட்டையும் தட்டுங்கள். இந்த முறை படம் வரக் கூடாது.