பாரில் போட எந்த நங்கூரம்? ஒரு தூண்டில்காரனின் கணக்கு

தூத்துக்குடியில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்த கம்பி நங்கூரத்தைக் கச்சான் காற்றிலும் வாடைக் காற்றிலும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எங்களுடையது 28 அடி பைபர் வள்ளம். வலை கிடையாது, தூண்டில் மட்டும். விளமீனும் களவாயும் பாரின் (கடலடிக் கல் திட்டின்) ஓரத்திலேயே நிற்கிற மீன்கள். பத்துப் பாகம் (பாகம் என்றால் ஆறடி) தண்ணீரில் வள்ளம் கொஞ்சம் நழுவினாலும் இரை வெறும் மணலில்தான் கிடக்கும். இன்ஜினுக்கும் ஆழம் காட்டுகிற எக்கோ சவுண்டருக்கும் அத்தனை பேரிடம் விசாரிக்கிறவர்கள் நங்கூரத்துக்கு ஒருவரிடமும் கேட்பதில்லை. எனக்கு இது பெரிய வருத்தம்.

பட்டறை நங்கூரத்தில் நடுத்தண்டு கனமான கம்பி, அடியில் ஐந்து கால்கள். அந்தக் கால்களுக்கு வழவழப்பான சாதா இரும்புக் கம்பிதான் வேண்டும் என்று அண்ணாச்சியிடம் அழுத்திச் சொன்னேன். வீடு கட்டுகிற 500 கிரேடு முறுக்குக் கம்பி சாதாக் கம்பியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இழுவை தாங்கிய பிறகே வளையும். கட்டடத்துக்கு அது நல்லது, பாருக்கு ஆகாது. கல் இடுக்கில் கால் சிக்கினால், கயிற்றை அணியத்தில் (வள்ளத்தின் முன்முனையில்) கட்டி வள்ளத்தை மெதுவாக முன்னே ஓட்ட, கால் நிமிர்ந்து நங்கூரம் கையோடு வந்துவிட வேண்டும். இது வருகிறது. கரையில் ஒரு இரும்புக் குழாயைச் சொருகி மறுபடி வளைத்துக்கொள்ளலாம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் கம்பி வெடிக்கும், அதனால் வளைவை அடிக்கடி பார்த்து, கீறல் கண்டால் அந்தக் காலை மாற்றிவிட வேண்டும்.

ஆன்லைனில் விற்கிற மடக்கு நங்கூரமும் வைத்திருக்கிறேன். பார்க்க அழகு, துத்தநாகப் பூச்சு, நான்கு கால், மடித்தால் பலகைக்கடியில் போய்விடும். கழிமுகத்தில் சின்னத் தெப்பத்துக்கு இது போதும். வெளிக்கடலில் கால் நீளம் பத்தவில்லை. அலை குலுக்கும்போது கால்களை விரித்துப் பிடிக்கிற வளையம் சுழன்று தளர்ந்துவிடுகிறது. தட்டை அலகு கொண்ட டான்ஃபோர்த் மாதிரி மணலிலும் சேற்றிலும் அருமையாகப் புதையும், எடைக்கு அதைப்போல் பிடிக்கிற நங்கூரங்கள் குறைவு. பார் இடுக்கில் அதன் அலகு செருகிக்கொண்டால் பெரும்பாலும் கயிற்றை அறுக்க வேண்டியதுதான்.

நங்கூரத்தில் மிச்சம் பிடித்த காசைச் சங்கிலியிலும் கயிற்றிலும் போடுங்கள். 8 மில்லி சங்கிலி மீட்டருக்கு ஏறத்தாழ 1.4 கிலோ வரும். நான்கு மீட்டர் போட்டால் ஐந்தரை கிலோ எடை தரையோடு கிடந்து இழுப்பைப் படுக்கையாக வைக்கும். தண்டு மேலே தூக்கப்பட்டால் எந்த நங்கூரமும் பிடிக்காது. கல்லில் உராய்வதும் சங்கிலியாகவே இருக்கட்டும், கயிறு வேண்டாம். கயிற்றுக்கு 12 மில்லி நைலான். விலை கூடத்தான். ஆனால் அது நீண்டு கொடுத்து அலையின் வெட்டை வாங்கிக்கொள்ளும், தண்ணீரில் அமிழும். கரையில் எல்லோரும் வாங்குகிற பிளாஸ்டிக் கயிறு மிதக்கும். நீவாடு (கடல் நீரோட்டம்) அடங்கிக் கயிறு தொய்ந்தால் பக்கத்து வள்ளத்து இன்ஜின் காத்தாடியில் சுற்றும், வெயிலில் நார்நாராக உதிரும். பத்துப் பாகத்துக்கு 60 அடி ஆழம் என்றால் 180 அடியாவது விடுங்கள். கச்சான் ஏறினால் 300.

இன்னொரு வேலை, இது செலவே இல்லாதது. சங்கிலியைத் தண்டின் தலை வளையத்தில் பூட்டாமல் அடியில் பூட்டி, தண்டோடு மேலே கொண்டுவந்து, தலை வளையத்தில் மெல்லிய நூலால் கட்டிவிடுங்கள். சாதாரண இழுப்பைத் தாங்குகிற அளவு நூல் போதும். சிக்கினால் ஓங்கி இழுக்க நூல் அறும், நங்கூரம் அடிப்பக்கமாகப் புரண்டு வரும். கால் நிமிரவேண்டிய தேவையே பல நேரம் வராது. ஆனால் காற்று மாறுகிற நேரத்தில் அந்த நூலை நம்பித் தூங்கக் கூடாது, ஒரு ஆள் முழித்திருக்க வேண்டும்.

மின் கோட்டா (Minn Kota) கம்பெனியின் ஸ்பாட் லாக் மோட்டாரைப் பற்றிச் சின்னப் பையன்கள் கேட்கிறார்கள். ஜிபிஎஸ்ஸைப் பார்த்துத் தானாக ஓடிப் படகை ஒரே இடத்தில் நிறுத்தும், கயிறே வேண்டாம். ஏரிப் படகுக்கு அற்புதம். எங்கள் கனத்துக்கும் நீவாட்டுக்கும் பெரிய 36 வோல்ட் மோட்டார் கேட்கும், அதற்கான பேட்டரிகளை வைத்தால் ஐஸ் பெட்டிக்கு இடம் இருக்காது. அதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: தரையைத் தொடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனவை. அந்தத் தீவுகளை ஒட்டிய உயிர்ப் பவளத்தில் எந்த நங்கூரமும் விழவே கூடாது. ஒரு இழுப்பில் உடைகிற மான்கொம்புப் பவளம் திரும்ப வளர வருஷக்கணக்காகும். நமக்கு வெளியே கல் பார் இருக்கிறது, அங்கே போவோம்.

பட்டறைக்காரர் வேலையில் ஒரே குறை, அடி வளையத்தைச் சின்னதாக வைத்துவிட்டார். சங்கிலியைப் பூட்டுகிற 10 மில்லி ஷாக்கிள் நுழையவில்லை. அடுத்ததற்கு ஷாக்கிளையே கையில் கொடுத்து அளவு பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் போகும்போது கொண்டுபோங்கள். பூட்டிய பிறகு அதன் ஆணியைத் துருப்பிடிக்காத கம்பியால் கட்டவும்.