பழைய மார்ட்டினி-ஹென்றிக்கு அளவெடுத்துச் செய்த குண்டு அச்சு: பீட்டர்மாரிட்ஸ்பர்க் பணிமனை பற்றிய என் மதிப்பீடு

என்னிடம் உள்ள மார்ட்டினி-ஹென்றி ரைபிளின் பக்கவாட்டில் என்ஃபீல்ட் என்ற ஆலையின் பெயரும் 1879 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. அதே ஆண்டு ஜனவரி 22 அன்று இசண்டல்வானாவில் ஜூலு வீரர்களோடு நடந்த போரில் பிரித்தானியப் படையினர் ஏந்தியிருந்ததும் இந்த வகைத் துப்பாக்கியே என்பதால், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் பிறந்து வளர்ந்த எனக்கு இதன்மேல் தனிப் பற்று உண்டு. ஆனால் முதல் இரண்டு ஆண்டுகள் அது எனக்கு வேதனையையே தந்தது. நூறு மீட்டரில் ஐந்து குண்டுகள் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குள்கூட அடங்கவில்லை. சில குண்டுகள் பக்கவாட்டில் சரிந்து பாய்ந்து, இலக்குத் தாளில் நீள்வாட்டமான ஓட்டைகளை விட்டுச் சென்றன. கருமருந்தை மாற்றிப் பார்த்தேன், பார்வைக் குறியைத் திருத்திப் பார்த்தேன், எதிலும் பயன் இல்லை.

டர்பனில் என்னோடு சுடும் நண்பர் ஒருவர் சொல்லித்தான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் இந்தச் சிறிய பணிமனைக்குப் போனேன். துப்பாக்கிகள் இருக்கும் இடம் என்பதால் பாதுகாப்புக் கருதி அதன் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்கள் முதலில் கேட்டது என் உரிமத்தை. நூறாண்டுக்கு மேற்பட்ட பழமை உடையதானாலும், தோட்டா போட்டுச் சுடும் துப்பாக்கிக்கு 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி உரிமம் கட்டாயம். வாய்வழியே மருந்து இடித்துச் சுடும் பழைய துப்பாக்கிகளுக்குரிய சலுகை இதற்கு இல்லை.

அடுத்து, குழலை அளந்தார்கள். எண்ணெய் தடவிய மென்மையான ஈயக் கட்டி ஒன்றை மரச்சுத்தியால் மெல்லத் தட்டிக் குழலுக்குள் செலுத்தி, மறுமுனையில் வெளியே எடுத்தார்கள். குண்டைச் சுழலவைக்கக் குழலின் உட்புறம் வெட்டப்பட்ட பள்ளங்களான ஏழு வரிகளின் தடமும் அதன் மேல் தெளிவாகப் பதிந்திருந்தது. ஏழு ஒற்றைப்படை எண் ஆதலால் ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே மற்றொரு பள்ளம் வருவதில்லை. சாதாரண மைக்ரோமீட்டரின் இரு தாடைகளுக்கு இடையே வைத்தால் அளவு தவறிப் போகும். இதற்கென்று மூன்று புள்ளிகளில் தொட்டு அளக்கும் கருவி ஒன்றை அவர்கள் வைத்திருக்கிறார்கள். பள்ளங்களின் அடிவரை அளந்த என் குழலின் குறுக்களவு 0.467 அங்குலம். நான் இத்தனை நாளும் சுட்டு வந்ததோ, கடையில் கிடைத்த 0.458 அங்குலக் கடின ஈயக் குண்டு! அக்காலப் படைத் தோட்டாவில் 480 கிரெய்ன் எடையுள்ள குண்டும் 85 கிரெய்ன் கருமருந்தும் இருந்தன. குண்டு சற்றுச் சிறியதே ஆனாலும், மேலே காகிதம் சுற்றப்பட்டிருந்தது, பன்னிரண்டு பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் என்ற மென்மையான கலவையால் ஆனது, மருந்து வெடித்த வேகத்தில் விரிந்து வரிகளைப் பற்றிக்கொண்டது. என் குண்டுக்குக் காகிதமும் இல்லை, விரியும் தன்மையும் இல்லை.

ஈயத்தை உருக்கிக் குண்டு வார்க்க அவர்கள் கடைந்து கொடுத்த அச்சில் குண்டு 0.468 அங்குலமாக விழுகிறது. ஒரு பங்கு வெள்ளீயத்துக்கு இருபது பங்கு ஈயம் சேர்க்கச் சொன்னார்கள். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் இருக்கக் கூடாது என்பதையும், இந்தக் குழலில் புகையற்ற நவீன மருந்தை ஒருபோதும் இடக் கூடாது என்பதையும் இரண்டு முறை வற்புறுத்தினார்கள். விசையின் இழுப்புக் கடினமாக இருக்கிறது, இலகுவாக்கித் தாருங்கள் என்று கேட்டேன். உள்ளே தேய்மானம் இருக்கிறது, அதைத் தொட்டால் ஆபத்து என்று மறுத்துவிட்டார்கள். வருமானத்தைவிட என் பாதுகாப்பைப் பெரிதாக எண்ணிய அந்த மறுப்பே அவர்கள்மேல் எனக்கு முழு நம்பிக்கையைத் தந்தது.

குறைகளும் உண்டு. ஆறு வாரத்தில் தருவதாகச் சொன்ன அச்சு கைக்கு வரப் பதினொரு வாரம் ஆயிற்று, இடையில் ஒரு தகவலும் இல்லை. அச்சின் கைப்பிடியைத் தனியாக வாங்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். குண்டின் மேல் தடவ அவர்கள் விற்கும் மெழுகு தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் கலந்தது. பிப்ரவரி வெயிலில் காருக்குள் இருந்த தோட்டாக்களில் அது இளகி வழிந்தது. தைப்பூசக் காவடி விரத நாட்களில் எங்கள் வீட்டில் கொழுப்பு உருக்கவும் முடியாது. ஆகவே தேன்மெழுகைக் கூட்டி, கொழுப்புக்குப் பதிலாக நல்லெண்ணெய் சேர்த்து நானே காய்ச்சிக்கொள்கிறேன், இளகாமல் நிற்கிறது.

ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் குழலைத் துடைக்க வேண்டும் என்ற அவர்களின் அறிவுரையை முதலில் நான் பொருட்படுத்தவில்லை. டர்பனின் ஈரக் காற்றில் கரிக்கசடு மென்மையாகவே இருந்ததால் சமாளித்துவிட்டேன். ஜூலை மாதத்தில் நேட்டாலின் வடக்கே உள்ள டண்டிப் பக்கம் சுடப் போனபோது, உலர்ந்த குளிர்காற்றில் கசடு ஓடு போல இறுகி, ஆறாவது குண்டிலிருந்து சிதறல் தொடங்கியது. இப்போது தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணித்துண்டு ஒன்றை ஒவ்வொரு முறையும் குழலுக்குள் செலுத்தி எடுக்கிறேன். நூறு மீட்டரில் ஐந்து குண்டுகளும் என் உள்ளங்கை மறைக்கும் இடத்துக்குள் விழுகின்றன, நீள ஓட்டை ஒன்றுகூட இல்லை.

காகிதம் சுற்றும் குண்டுக்கு இரண்டாவது அச்சு ஒன்றையும் அங்கேயே செய்யச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை தரும் தேதியை எழுதி வாங்கிக்கொண்டேன்.