தொங்கும் கைச்சதை: கத்தியா, குழாயா, தையல்காரரா?

எங்கள் மதினி இரண்டு வருடத்தில் 30 கிலோ குறைத்தார். பாளையங்கோட்டைத் தெருக்களில் விடிகாலை நடை, ராத்திரிச் சோற்றுக்கு முழுக்கு. உடம்பு இளைத்துவிட்டது, மேல்கைத் தோல் மட்டும் பழைய அளவிலேயே நின்று தொளதொளவென்று ஆடுகிறது. "ஏட்டி, பஸ்ல மேல்கம்பியப் பிடிக்கவே கூச்சமா இருக்கு" என்றார். அப்புறம் என்ன, ஆளுக்கொரு பக்கம் விசாரித்தோம்.

முதலில் ஒரு சோதனை. கையைப் பக்கவாட்டில் நீட்டி, தொங்குவதைக் கிள்ளிப் பாருங்கள். கனமாக, கொழுகொழுவென்று சிக்கினால் கொழுப்பு. காலிப் பை மாதிரி மெல்லிசாக வந்தால் வெறும் தோல். எந்த வழி என்பதைப் பாதி இதுவே சொல்லிவிடும்.

டம்பெல் தூக்கினால் பின்கைத் தசை திரளும், தோல் சுருங்காது. மதினி ஒரு வருடம் தூக்கிப் பார்த்தாயிற்று.

லைப்போசக்‌ஷன் என்பது சின்னத் துளை வழியே குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சுவது. தழும்பு புள்ளி அளவுதான். தோலில் இழுவை இருக்கிற இளவயதுக்காரர்களுக்கு அருமை. மதினி போன்றவர்களுக்குச் செய்தால், இருக்கிற கொஞ்சக் கொழுப்பும் போய்ப் பை இன்னும் தொங்கும்.

ரேடியோ அலையால் தோலுக்கடியில் சூடு கொடுத்து இறுக்குவது லேசான தளர்ச்சிக்கு ஓரளவு உதவும். ஆனால் நாங்கள் போன கிளினிக்கில் கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஆறு சிட்டிங் என்று ரசீது போட வந்தார்கள். எழுந்து வந்துவிட்டோம்.

மிச்சம் ஆபரேஷன்தான். ஆர்ம் லிஃப்ட் என்பார்கள், மருத்துவப் பெயர் பிராக்கியோபிளாஸ்டி. அதிகப்படித் தோலை வெட்டி எடுத்துத் தைப்பதால் பலன் கண்ணுக்குத் தெரியும். அதற்கு விலை தழும்பு. அக்குளிலிருந்து முழங்கை வரை உட்பக்கமாகவோ பின்பக்கமாகவோ ஓடும். மங்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், முழுதாக மறையாது. உட்பக்கத் தழும்பு கையைத் தொங்கவிட்டால் தெரியாது, ஆனால் அரைக்கை ஜாக்கெட்டோடு கம்பியைப் பிடித்தால் கீழ்ப்பாதி தெரியும். மதினியின் பிரச்சினையே அந்தக் கம்பிதானே! தளர்ச்சி அக்குளை ஒட்டி மட்டும் என்றால் தழும்பை அக்குள் மடிப்புக்குள் அடக்கும் சின்ன ஆபரேஷனும் உண்டு. மதினிக்கு அது போதாது.

நம் மாநிறத் தோலில் தழும்பு தடிக்க வாய்ப்பு அதிகம். காது குத்திய இடத்திலோ சிசேரியன் தையலிலோ தழும்பு புடைத்திருந்தால் டாக்டரிடம் முதல் பேச்சு அதுவாக இருக்கட்டும். நீர் கோர்ப்பது, தையல் விடுவது, முன்கையின் உட்பக்கம் மரத்துப்போவது எல்லாமும் நடக்கக்கூடியவை. ஆபரேஷனுக்கு முன்னால் எடை ஆறு மாதமாவது ஒரே அளவில் நிற்க வேண்டும். பிறகும் குறைந்தால் மறுபடி தொங்கும்.

ஆபரேஷன் முடிந்து நாலு முதல் ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க் குடம், சிலிண்டர், பேரப்பிள்ளை எதையும் தூக்கக் கூடாது. கைக்கு இறுக்கமான உறை வேறு. சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு திருநெல்வேலியில் இருந்து பாருங்கள்! குற்றால சீசனில் செய்தால் அருவிக் குளியல் போச்சு. என் கணக்கில் கார்த்திகைக்கு மேல்தான் தோது.

அழகுக்காகச் செய்வதை மருத்துவக் காப்பீடு ஏற்காது. அதனால் மயக்க மருந்து, அறை, உறை எல்லாம் சேர்த்துத்தான் தொகை கேட்க வேண்டும்.

தையல்காரரின் வழி முழங்கை வரை கை வைத்த ஜாக்கெட். தோலும் தெரியாது, தழும்பும் கிடையாது. தோல் உரசி அக்குளில் புண் வருகிறவர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது, அவர்கள் ஆபரேஷனை யோசிக்கலாம். மதினிக்குப் புண் கிடையாது, கூச்சம்தான். எடை இன்னும் இறங்கிக்கொண்டே இருப்பதால் டாக்டரும் காத்திருக்கச் சொல்லிவிட்டார். போன வாரம் டவுனில் மூன்று ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருக்கிறார்.