வறட்சியை அளக்க எதை நம்பலாம்: மழைக் குறியீடா, செயற்கைக்கோளா, கிணற்று டேப்பா?

ஒரு விவசாய வட்டாரத்துக்குத் தண்ணீர்த் திட்டம் போடும் குழுவில் இருக்கிறேன். வறட்சி நெருங்குகிறதா என்று முன்கூட்டியே அறிய எதை நம்புவது என்ற பேச்சு வந்தபோது மூன்று வழிகள் மேசைக்கு வந்தன. மழை அளவிலிருந்து கணக்கிடும் குறியீடு, செயற்கைக்கோள் காட்டும் பசுமை, கிணறுகளின் நீர்மட்டம். கிணற்றைத்தான் முதலிடத்தில் வைத்தோம். அதிலும் தானியங்கிச் சென்சாரைவிட, ஆள் போய் டேப் இறக்கி அளப்பதை. ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

மழைக் குறியீட்டைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. எஸ்பிஐ (SPI, தரப்படுத்திய மழைக் குறியீடு) என்று எல்லோரும் சொல்வது 1993-ல் அமெரிக்க ஆய்வாளர் மெக்கீயும் சகாக்களும் கொடுத்த முறை. குறைந்தது 30 ஆண்டு மழைப் பதிவை வைத்து, இந்தக் காலக்கட்டத்தில் பெய்தது வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று ஒரே எண்ணாகச் சொல்லும். பூஜ்யம் என்றால் வழக்கமான மழை, −1.5-க்குக் கீழே கடுமையான வறட்சி, −2-க்குக் கீழே மிகக் கடுமை. மழைமானி ஒன்று போதும் என்பதால் செலவு சொற்பம். உலக வானிலை அமைப்பும் இதைத்தான் பரிந்துரைக்கிறது. குறை என்னவென்றால், ஒரு மாத மழை இரண்டே நாளில் கொட்டி ஓடிப்போனாலும், இருபது நாள் பரவலாகப் பெய்து மண்ணில் இறங்கினாலும் அதற்கு எல்லாம் ஒன்றுதான். வெயிலும் அதன் கணக்கில் இல்லை. வெயிலை விட்ட குறையைத் தீர்க்க 2010-ல் எஸ்பிஇஐ (SPEI) என்ற குறியீடு வந்தது; ஆவியாகிப் போகும் நீரையும் அது கழித்துக்கொள்கிறது. நல்ல திருத்தம்தான். ஆனால் −1.4 என்று ஒரு எண்ணைக் கையில் கொடுத்தால், கோடை முடியும்வரை குடிநீருக்குத் தண்ணீர் இருக்குமா என்ற கேள்விக்கு அதிலிருந்து பதில் எடுக்க முடியாது.

செயற்கைக்கோள் பார்க்க அழகானது. ஐரோப்பியச் செயற்கைக்கோள்களான சென்டினல்-2 எடுக்கும் படங்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில், சுமார் ஐந்து நாளுக்கு ஒருமுறை, இலவசமாகக் கிடைக்கின்றன. நீண்ட காலப் பதிவு வேண்டுமென்றால் நாசா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் என்ற கருவியின் படங்கள் இருக்கின்றன. நுணுக்கம் 250 மீட்டர்தான், ஆனால் 2000-லிருந்து தொடர்ச்சியாக உண்டு. செடி சிவப்பு ஒளியை உறிஞ்சி அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும் விகிதத்திலிருந்து பசுமைக் குறியீடு வருகிறது. மழைக்காலத்தில் மேகம் மறைக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது இன்னொன்று. மழை பொய்த்த ஆண்டில் மோட்டார் போட்டு இறைத்துப் பயிரைக் காப்பாற்றுகிறார்கள். மேலிருந்து பார்த்தால் வயல் பச்சையாக இருக்கிறது, வரைபடமும் பச்சை. அந்தப் பச்சை முழுக்க அடுத்த ஆண்டுத் தண்ணீரிலிருந்து எடுத்த கடன் என்பது படத்தில் தெரியாது. மானாவாரி நிலம் மட்டும் உள்ள இடத்தில் இந்தக் குறியீடு ஒழுங்காக வேலை செய்யும். கிணற்றுப் பாசனம் உள்ள இடத்தில் கஷ்டம் வெளியே தெரியும்போது கிணறு வற்றி முடிந்திருக்கும்.

நிலத்தடி நீரையே வானிலிருந்து எடைபோடும் கிரேஸ் செயற்கைக்கோள்களும் உண்டு. 2002-லிருந்து 2017 வரை ஒரு ஜோடி, 2018-லிருந்து அதன் வாரிசு. ஆனால் அவை பார்ப்பது சில நூறு கிலோமீட்டர் அகலப் பரப்பை. ஒரு வட்டாரத்துக்குள் எந்தக் கிராமத்துக்கு முதலில் லாரி அனுப்புவது என்பதை அது சொல்லாது.

இனி கிணறு. நீர்மட்டம் தெரிந்தால் கையிருப்பைக் கணக்கிடலாம் என்பதுதான் அதன் பலம். உதாரணமாக 10 சதுர கிலோமீட்டர் கடினப் பாறை நிலத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே பாறை இடுக்குகள் விட்டுக்கொடுக்கும் நீர் மொத்தக் கனஅளவில் 2 சதவீதம் என்று வைத்தால், மட்டம் ஒரு மீட்டர் இறங்கும்போது குறைவது 2 லட்சம் கனமீட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் வீதம் 5,000 பேருக்கு 400 நாள் குடிநீர் அது. அதே தண்ணீர், நாளுக்கு 5 மில்லிமீட்டர் வீதம் 100 நாள் பாய்ச்சும் பயிருக்கு என்றால் 40 ஹெக்டேருக்குத்தான் வரும், அதாவது அந்தப் பரப்பில் 4 சதவீத நிலத்துக்கு. கூட்டத்தில் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போட்டால் பேச்சின் திசையே மாறிவிடும். அந்த 2 சதவீதம் என்பது மட்டும் ஆட்டம் காண்கிற எண். பாறையில் 1 முதல் 3 வரை இருக்கலாம், ஆற்று மணலில் 15-ஐத் தாண்டும். எனவே இந்தக் கணக்கை ஒரு மதிப்பீடாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, அளப்பது எப்படி? இங்கேதான் பராமரிப்பு என்ற பெரிய விஷயம் வருகிறது. எங்கள் முடிவைத் தீர்மானித்ததும் அதுதான். கிணற்றுக்குள் தொங்கும் சென்சார் மணிக்கொரு முறை தானே பதிவு செய்யும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது அளப்பது தன் மேல் இருக்கும் அழுத்தத்தை. சாதாரண வகையில் காற்றழுத்தமும் அதில் சேர்ந்துவிடும். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் மாறினால் நீர்மட்டக் கணக்கில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் பிசகும். அதைக் கழிக்கத் தனியாக ஒரு காற்றழுத்தமானி வேண்டும். காற்றுக் குழாய் வைத்த கேபிள் வகையில் அந்தத் தொல்லை இல்லை, பதிலுக்கு ஈரம் உறிஞ்சும் பொடியை அவ்வப்போது மாற்ற வேண்டும். பேட்டரி தீரும். கேபிள் கொஞ்சம் நழுவினால், அன்றிலிருந்து நீர்மட்டம் ஏறியது போலப் பதிவாகும். மழை பெய்திருந்தால் யாருக்கும் சந்தேகம்கூட வராது. இதையெல்லாம் பிடிக்க ஒரே வழி, ஆள் போய் டேப்பால் அளந்து ஒத்துப்பார்ப்பது. எப்படியும் ஆள் போக வேண்டும் என்றால் ஆளையே நம்பலாமே.

ஸ்டீல் டேப்பின் நுனி மீட்டர்களில் சாக்பீஸ் தேய்த்து இறக்குகிறார்கள். கிணற்றுச் சுவரில் பெயின்ட் அடித்த குறிக்கு நேராக ஒரு முழு எண்ணைப் பிடித்து, மேலே இழுத்து, சாக்பீஸ் எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். பிடித்தது 15 மீட்டர், நனைந்தது 0.62 என்றால் ஆழம் 14.38. உடனே இன்னொரு முறை அளந்து, இரண்டும் ஒத்துவந்தால்தான் நோட்டில் ஏறும். சுவரில் நீர் கசியும் கிணற்றில் சாக்பீஸ் வழியிலேயே நனைந்து ஏமாற்றும். தண்ணீரைத் தொட்டதும் சத்தமிடும் மின்டேப் அங்கே வசதி. மோட்டார் போடுவதற்கு முந்தைய அதிகாலைதான் சரியான நேரம், இல்லையென்றால் இறைப்பால் இறங்கிய மட்டத்தைத்தான் அளப்போம்.

சென்சாரை ஒரேயடியாகத் தள்ளவும் இல்லை. ஒரு பெருமழைக்குப் பின் ஊற்று எத்தனை மணி நேரத்தில் ஏறுகிறது என்பதைப் பார்க்க அதைவிட்டால் வழியில்லை. அதற்காகச் சில கிணறுகளில் வைத்திருக்கிறோம்.

சராசரி போடுவதில் ஒரு பொறி இருக்கிறது. வறட்சி முற்றும்போது ஆழம் குறைந்த கிணறுகள் வற்றிவிடும். பயன்பாட்டில் இல்லாத ஆழ்துளைக் கிணறுகளிலோ தண்ணீர் கீழே இருக்கும். வற்றியது பட்டியலிலிருந்து விழுந்தால் சராசரி ஒரு பக்கமாகத் தாவும். எந்தக் கிணறு விழுகிறது என்பதைப் பொறுத்து நிலைமை மேம்பட்டதாகக்கூடத் தோன்றும். அதனால் ஒவ்வொரு கிணற்றையும் அதன் பழைய பதிவோடு மட்டுமே ஒப்பிடுகிறோம். அதே மாதத்தில் இதற்கு முன் இருந்த மட்டங்களில் இது கடைசி 20 சதவீதத்துக்குள் வருகிறதா, கடைசி 10-க்குள்ளா என்று. வற்றியது கடைசி வரிசையில் அப்படியே நிற்கும். 1999-லிருந்து வாரந்தோறும் வரும் அமெரிக்க வறட்சி வரைபடமும் இதே மாதிரி சதவீத வரிசையில்தான் படிகளைப் பிரிக்கிறது. அவர்கள் மழை, மண் ஈரம், ஆற்று ஓட்டம் என்று பலவற்றைக் கலந்து, களத்தில் இருப்பவர்களின் சொல்லையும் சேர்த்துக்கொள்கிறார்கள். கலப்பது உத்தமம்தான். ஆனால் எதற்கு எவ்வளவு எடை என்று வாரந்தோறும் உட்கார்ந்து முடிவு செய்ய அனுபவசாலிகள் வேண்டும். சின்னக் குழுவுக்கு அது தாங்காது.

எங்கள் திட்டத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமான அளவு மழைக்காலம் முடிந்ததும் எடுப்பது. விதைப்புக்கு முன் கையிருப்பைச் சொல்லிவிட்டால் தண்ணீர் குறைவாகக் கேட்கும் பயிருக்கு மாறச் சிலராவது சம்மதிப்பார்கள். பயிர் நின்ற பிறகு தண்ணீரைக் குறை என்றால் யார் கேட்பார்கள்? கடைசி 20-க்குள் வந்தால் இறைக்கும் நேரத்துக்குக் கட்டுப்பாடு, 10-க்குள் வந்தால் சில கிணறுகள் குடிநீருக்கு மட்டும் என்று படிகளை முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டோம்.

அணை, கால்வாய்த் தண்ணீரையே நம்பியிருக்கும் பகுதிக்கு இந்த முடிவை அப்படியே எடுத்துப் போக நான் சொல்ல மாட்டேன். அங்கே அணையின் இருப்பும் 12 மாத எஸ்பிஐயும் முன்னுக்கு வரலாம். அந்தப் பக்கம் எனக்குப் பழக்கம் குறைவு. களிமண் அடுக்குக்குக் கீழே அழுத்தத்தில் இருக்கும் ஆழமான நீருக்கும் மேலே சொன்ன 2 சதவீதக் கணக்கு பொருந்தாது. அங்கே மட்டம் பல மீட்டர் இறங்கினாலும் வெளியேறிய நீர் மிகக் கொஞ்சமாக இருக்கும். அதனால் கிணறுகளைத் தேர்ந்தெடுக்கும்போதே எது எந்த அடுக்கிலிருந்து நீர் எடுக்கிறது என்று தோண்டியவரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்வது நல்லது. இறைக்காத கிணறாக, பதிவு பழையதாக, அளப்பவர் நடந்து போகிற தூரத்தில் இருந்தால் இன்னும் நல்லது.