டிஸ்னியா, யுனிவர்சலா, டோக்கியோவா: அறை வாடகைக்குள் என்னென்ன அடக்கம்?

புளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டில் டிக்கெட் விலை ஏறிவிட்டது என்று எல்லாரும் புலம்புகிறார்கள். அது பாதிக் கதைதான். அறை வாடகையோடு சும்மா கிடைத்தவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றித் தனித்தனியாக விற்கத் தொடங்கியதுதான் பெரிய அடி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

2005 முதல் டிஸ்னியின் சொந்த ஹோட்டல்களான ரிசார்ட்டுகளில் தங்கும் விருந்தினருக்கு விமான நிலையத்திலிருந்து இலவசப் பேருந்து இருந்தது. மஞ்சள் அட்டை முன்கூட்டியே வீட்டுக்கு வரும். பெட்டியில் அதைக் கட்டிவிட்டால் போதும், பெட்டி தானாக அறைக்கு வந்து சேரும். 2021 முடிவோடு அந்தப் பேருந்து நின்றது. அறைச் சாவியாகவும் டிக்கெட்டாகவும் பயன்படும் மேஜிக் பேண்ட் கைப்பட்டை இலவசமாகக் கிடைத்ததும் அந்த ஆண்டுத் தொடக்கத்தோடு போயிற்று. இரவில் 2 மணி நேரம் கூடுதலாக பார்க்கில் இருக்கும் சலுகை எல்லா ரிசார்ட்டுக்கும் இருந்தது. இப்போது விலை கூடிய டீலக்ஸ் வகைக்கு மட்டும். மற்றவர்களுக்குக் காலையில் 30 நிமிடம் முன்னதாக உள்ளே விடுவதோடு சரி. பிடுங்கியதைத் திருப்பித் தந்ததும் உண்டு: 2018இல் விருந்தினர் தலையில் கட்டிய பார்க்கிங் கட்டணத்தை 2023 ஜனவரியில் நீக்கினார்கள்.

இதையெல்லாம்விட அதிகம் வலிப்பது க்யூ. நீண்ட வரிசையைத் தவிர்த்துத் தனி வரிசையில் போக 1999இல் வந்த ஃபாஸ்ட்பாஸ் இலவசம். 2021 அக்டோபரில் அதன் இடத்துக்கு ஜீனி பிளஸ் வந்தது, ஆளுக்கு நாளொன்றுக்கு 15 டாலர். 2024இல் அதற்கே லைட்னிங் லேன் மல்டி பாஸ் என்று பெயர் மாற்றினார்கள். விலை நாளுக்கு நாள், பார்க்குக்கு பார்க் மாறும். பெரிய ரைடுகளுக்கு சிங்கிள் பாஸ் தனியாக வாங்க வேண்டும்.

காசு கொடுக்காதவருக்கு இதில் என்ன நட்டம்? ரைடு ஏறும் இடத்துக்குச் சற்று முன்னால் காசு கொடுத்தவர் வரிசையும் சாதாரண வரிசையும் சேரும். எந்த வரிசையிலிருந்து எத்தனை பேரை விடுவது என்று அங்கே நிற்கும் ஊழியர்தான் முடிவு செய்கிறார். மணிக்கு 1,000 பேரை ஏற்றும் ரைடு என்று வையுங்கள். காசு வரிசையிலிருந்து 700 பேரை விட்டால் சாதாரண வரிசைக்கு மிச்சம் 300 இடம். அதில் 450 பேர் நின்றாலே ஒன்றரை மணி நேரம். வரிசை குட்டையாகத்தான் தெரியும், ஆனால் நகராது. ரைடு பழுதாகி ஒரு மணி நேரம் நின்று திறந்தால் இன்னும் மோசம். அந்த நேரத்துக்குப் பாஸ் வைத்திருந்தவர்கள் எல்லாரும் மொத்தமாக வந்து நிற்பார்கள். அப்போது சாதாரண வரிசையில் போய்ச் சேராதீர்கள்.

மல்டி பாஸ் வாங்குவதென்றால், ரிசார்ட்டில் தங்குபவர் செக்-இன் நாளுக்கு 7 நாள் முன்பும், வெளியே தங்குபவர் போகும் நாளுக்கு 3 நாள் முன்பும், புளோரிடா நேரம் காலை 7 மணிக்கு ஆப்பில் தயாராக இருக்க வேண்டும். முன்பதிவில் 3 ரைடு. ஒன்றைப் பயன்படுத்திய பின்தான் அடுத்தது. ஒரே ரைடில் மறுபடி ஏற முடியாது.

அதே புளோரிடாவில் இருக்கும் யுனிவர்சல் ஆர்லாண்டோவும் தர்மசத்திரம் இல்லை. ஹோட்டல் விருந்தினரிடமே இரவு பார்க்கிங்குக்குக் காசு வாங்குகிறது. ஆனால் அதன் ஹோட்டல்களில் போர்ட்டொஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிபிக் ஆகிய மூன்றில் தங்கினால், பதிவில் உள்ள அத்தனை பேருக்கும் வரிசையைத் தவிர்க்கும் எக்ஸ்பிரஸ் அன்லிமிடெட் பாஸ் வாடகையிலேயே அடக்கம். நேரம் குறிக்க வேண்டாம், ஒரே ரைடில் எத்தனை முறையும் ஏறலாம். செக்-இன் நாளும் செக்-அவுட் நாளும் சேர்த்தே செல்லும் என்பதால் ஒரு இரவுக்கு இரண்டு நாள் பாஸ். அறை தயாராகும்வரை காத்திருக்க வேண்டாம். காலையிலேயே வரவேற்பு மேசையில் பதிந்து, பெட்டியைக் கொடுத்துவிட்டுப் பாஸோடு கிளம்பலாம். படகிலோ நடந்தோ பார்க்குக்குப் போய்விடலாம். மூன்றில் பெரும்பாலும் வாடகை குறைந்தது ராயல் பசிபிக். பார்க் டிக்கெட் தனி.

ஆனால் யுனிவர்சல் 2025 மே மாதம் திறந்த புதிய பார்க்கான எபிக் யுனிவர்ஸில் இந்த இலவச எக்ஸ்பிரஸ் செல்லாது. பழைய இரண்டு பார்க்குகளுக்கு மட்டும்தான். எபிக் வாசலிலேயே இருக்கும் ஹீலியோஸ் கிராண்ட் ஹோட்டலில் தங்கினாலும் எக்ஸ்பிரஸ் கிடையாது. எபிக்குக்காகவே போகிறவர் ராயல் பசிபிக்குக்குப் பணம் கொட்டுவது வீண்.

டோக்கியோ டிஸ்னி ரிசார்ட் வேறு ஜாதி. பெயர்தான் டிஸ்னி, சொந்தக்காரர் ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம், டிஸ்னிக்கு உரிமத்தொகை போகிறது. அங்குள்ள இரண்டு பார்க்குகளில் ஒன்றான டிஸ்னிசீயில் 2024 ஜூனில் திறந்த ஃபேண்டசி ஸ்பிரிங்ஸ் பகுதிக்கு சுமார் 320 பில்லியன் யென் செலவழித்தார்கள். துப்புரவுப் பணியாளர் ஈரத் துடைப்பத்தால் தரையில் மிக்கி படம் வரைந்து காட்டும் அளவுக்கு இடம் சுத்தம். ஒருநாள் டிக்கெட் 2023 அக்டோபரிலிருந்து 7,900 முதல் 10,900 யென் வரை; அமெரிக்க விலையோடு பார்த்தால் பாதிக்கும் கீழே. ஆனால் அங்கும் இலவச ஃபாஸ்ட்பாஸை எடுத்துவிட்டு, ரைடுக்கு 1,500 யென்னில் தொடங்கும் பிரீமியர் ஆக்சஸ் விற்கிறார்கள். டிஸ்னி ஹோட்டலில் தங்கினால் கிடைக்கும் முன் நுழைவு 15 நிமிடம்தான். ஆகவே அங்கே டிஸ்னி ஹோட்டலுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். பார்க்கை ஒட்டிய மைஹாமா ரயில் நிலையத்துக்கு எளிதாக வந்து சேரும் ஒரு சாதாரண ஹோட்டல் போதும்.

புளோரிடாவில் சின்னக் குழந்தைகளோடு டிஸ்னிதான் என்று முடிவானால், பேருந்தை மட்டும் நம்பும் ஆல் ஸ்டார் ரிசார்ட்டுகளை விட்டு, ஸ்கைலைனர் கேபிள் கார் ஓடும் பாப் செஞ்சுரி ரிசார்ட்டைப் பாருங்கள். எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ் ஆகிய இரண்டு டிஸ்னி பார்க்குகளுக்கும் அதிலேயே போகலாம். இடி மின்னல் வந்தால் மட்டும் நிறுத்திவிடுவார்கள். கோடையில் அது பிற்பகல் வழக்கம்.