டப்ளோ, மெர்க்லின், லயனல்: எந்தப் பழைய ரயிலை வீட்டுக்குக் கொண்டுவருவது?

பழைய மாடல் ரயில் வாங்க நினைப்பவர்கள் எந்த நிறுவனத்துடையதை வாங்கலாம் என்று கேட்டால், நான் திருப்பி ஒன்று கேட்பேன்: ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின் திடீரென்று நின்றுபோனால் உங்களுக்கு எரிச்சல் வருமா, ஆர்வம் வருமா? எழுபது வயதான என்ஜின் எதுவானாலும் ஒருநாள் நிற்கத்தான் செய்யும். எதனால் நிற்கும், யார் கைபட்டால் மறுபடி ஓடும் என்பதில்தான் டப்ளோ, மெர்க்லின், லயனல் என்ற இந்த மூன்று ரயில்களும் பிரிகின்றன. அழகை வைத்துத் தேர்ந்தெடுத்தால் மூன்றையும் வாங்கிவிடுவீர்கள். அப்படிச் செய்தவன் சொல்கிறேன்.

மூன்றிலும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே மூன்றாவதாக ஒன்று ஓடும், அல்லது அந்த வேலையைச் செய்யும் சிறு உலோகப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். மின்சாரம் நடுவில் ஏறி, வெளித் தண்டவாளங்கள் வழியே திரும்புகிறது. பார்வைக்குச் சற்று அசிங்கம்தான். நிஜ ரயில் போலவே இருக்க வேண்டும் என்பவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் பாதையை வளைத்துக் கொண்டுவந்து அதன்மேலேயே சேர்த்து ரயிலைத் திருப்பி அனுப்பினாலும் மின்சுற்று குறுக்கிடாது. இரண்டு தண்டவாள முறையில் அதே வளையத்தைப் போட்டால் நேர்முனையும் எதிர்முனையும் முட்டிக்கொள்ளும்; தனி இணைப்பு கொடுத்தாக வேண்டும்.

முதலில் ஹார்ன்பி டப்ளோ. லிவர்பூல் பின்ஸ் ரோடு தொழிற்சாலையில் மெக்கானோ நிறுவனம் 1938இல் வெளியிட்டது. நிறுவனர் ஃபிராங்க் ஹார்ன்பி 1936இலேயே காலமாகிவிட்டதால் தன் பெயர் தாங்கிய இந்த ரயிலை அவர் பார்க்கவில்லை. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ.; 12 வோல்ட் நேர் மின்சாரம் (டி.சி.). என்ஜினின் மேல்கூடு துத்தநாகக் கலவையில் வார்த்தது. பெட்டிகள் வண்ணம் அச்சிட்ட தகரம். போருக்குப் பிறகு வந்த ‘டச்சஸ் ஆஃப் அத்தால்’ என்ஜினைக் கையில் எடுத்துப் பாருங்கள். அந்தக் கனத்துக்கு முன்னால் இன்றைய பிளாஸ்டிக் என்ஜின்கள் தீப்பெட்டி போலத் தோன்றும்.

டப்ளோவின் பலவீனம் அதன் காந்தம். மோட்டாரில் இருப்பது நிலைக்காந்தம். பழைய குதிரைலாட வடிவக் காந்தங்கள் காலப்போக்கில் வலுவிழக்கின்றன. அப்போது என்ஜின் மெதுவாகப் போகும், அதிக மின்சாரம் இழுக்கும், பத்து நிமிடத்தில் தொடமுடியாமல் சுடும். ஆம்மீட்டர் முள் ஓர் ஆம்பியரைத் தாண்டினால் நான் முதலில் காந்தத்தைத்தான் சந்தேகிப்பேன். இதில் என் கைப்பிழைக் கதை ஒன்றும் உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு டேங்க் என்ஜினை (தண்ணீர்த் தொட்டியைத் தன்மேலேயே சுமக்கும் ரகம்) சுத்தம் செய்வதற்காக, மோட்டாரில் சுழலும் பாகமான ஆர்மேச்சரை வெளியே எடுத்து, காந்தத்தின் இரு முனைகளையும் இணைக்க ஓர் இரும்புத் துண்டுகூட வைக்காமல் ஒரு வாரம் டப்பாவில் போட்டுவிட்டேன். திரும்பப் பூட்டியபோது அது பாதி என்ஜினாகியிருந்தது. காந்தப்புலம் கடந்துபோக இரும்புப் பாதை இல்லாவிட்டால் அந்தக் காலக் காந்தம் தன் வலுவைத் தானே இழக்கும். மறுபடி காந்தமேற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். சிறிய நியோடிமியம் காந்தங்களைப் பொருத்திக்கொள்பவர்களும் உண்டு. நான் முதல் வழியைத்தான் விரும்புவேன். உள்ளே வேறு காந்தம் வைத்த டப்ளோ ஓடும், ஆனால் அதன் ஓட்டத்தில் பழைய நிதானம் இராது.

போருக்கு முந்தைய டப்ளோ என்றால் இன்னொரு நோயும் உண்டு. துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்திருந்தால் வார்ப்பு உள்ளிருந்தே வெடிக்கும். வீங்கும், வளையும், கடைசியில் பிஸ்கட் போல உதிரும். மருந்து கிடையாது. பக்கவாட்டில் மயிரிழை விரிசல் தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மெர்க்லின் வேறு குணம். ஜெர்மனியின் கோப்பிங்கன் ஊரில் 1859இல் தகர விளையாட்டுப் பொருள்களோடு தொடங்கிய நிறுவனம். 1935இல் மேசை ரயிலைக் கொண்டுவந்தது. இடைவெளி இங்கும் 16.5 மி.மீ.தான். மின்சாரம் மட்டும் மாறுதிசை (ஏ.சி.), 16 வோல்ட். இந்த மோட்டாரில் நிலைக்காந்தமே இல்லை; கம்பிச் சுருளில் மின்சாரம் பாயும்போதுதான் காந்தம் பிறக்கிறது. இல்லாத காந்தம் எப்படி வலுவிழக்கும்? எழுபது ஆண்டுகள் பரணில் கிடந்த மெர்க்லின் இன்றும் முழு வலுவோடு இழுப்பதற்குக் காரணம் இதுதான்.

அது நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் எண்ணெய். பழைய எண்ணெய் பிசினாக இறுகி அச்சுகளைக் கவ்விக்கொள்ளும். பிரித்து, பிசினைக் கரைத்துத் துடைத்து, புது எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் பத்தில் எட்டு என்ஜின்கள் எழுந்துவிடுகின்றன; இது என் மேசைக் கணக்கு. அடுத்த சிக்கல் திசை மாற்றும் ரிலே, அதாவது மின்சாரமே தட்டிவிடும் சுவிட்ச். டிரான்ஸ்பார்மரின் குமிழை எல்லை தாண்டித் திருப்பினால் 24 வோல்ட் துடிப்பு ஒன்று போகும். அது ரிலேயைத் தட்டித் திசையை மாற்றும். ரிலேயின் சுருள்வில் சரியான இழுப்பில் இல்லாவிட்டால் திசை மாறாது, என்ஜின் மட்டும் முட்டவரும் ஆட்டுக்கிடா போல முன்னால் பாயும். வில்லை ஊசிமுனையால் சரிசெய்ய வேண்டும். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் கற்றுக்கொள்ளலாம்.

மெர்க்லினின் பெரிய பலம் தொடர்ச்சி. நடுத் தண்டவாளத்தை 1950களில் சிறு புள்ளிகளாக மாற்றினார்களே தவிர, அடிப்படை முறையைக் கைவிடவில்லை. அதனால் தாத்தா காலத்து என்ஜின் பேரன் வாங்கிய பாதையிலும் பெரும்பாலும் ஓடிவிடும். டப்ளோவுக்கு அந்தப் பேறு இல்லை. 1959இல் அதுவே இரண்டு தண்டவாளத்துக்கு மாறியது; 1964இல் போட்டியாளரான டிரையாங்கின் தாய் நிறுவனம் மெக்கானோவையே வாங்கிவிட்டது. மூன்று தண்டவாள டப்ளோ அதோடு கிளை அற்றுப்போன மரம்.

விலைதான் மெர்க்லினின் குறை. கோத்தார்ட் மலைப்பாதையில் ஓடிய சுவிஸ் ‘முதலை’ என்ஜினின் மாடலை 1947இல் வெளியிட்டார்கள். அதன் பழைய பதிப்புகளை நான் படத்தில் பார்த்துக்கொள்வதோடு சரி.

லயனலுக்கு இடம் வேண்டும். இது ஓ கேஜ், அதாவது தண்டவாள இடைவெளி ஒன்றேகால் அங்குலம். மிகச் சாதாரண வட்டப்பாதையே 31 அங்குல விட்டம். நியூயார்க்கில் ஜோஷுவா லயனல் கோவன் 1900இல் தொடங்கிய நிறுவனம். சேகரிப்பவர்கள் 1945 முதல் 1969 வரையிலான காலத்தைப் போருக்குப் பிந்தைய காலம் என்று தனியே பிரித்துவைத்திருக்கிறார்கள். அளவுப் பொருத்தம், துல்லியம் என்றெல்லாம் பேசுபவர்களுக்கு இது சரிவராது. இது விளையாட்டுப் பொருள், அதை மறைக்கவும் இல்லை. புகை விடும், ஊதும். பால் வண்டியின் கதவைத் திறந்து ஒரு குட்டி மனிதன் பால் கேன்களை மேடையில் தள்ளுவான். குழந்தைகள் இருக்கும் வீட்டில் டப்ளோவும் மெர்க்லினும் இதன் பக்கத்தில் நிற்கவே முடியாது.

பழுதுபார்க்கவும் லயனல்தான் எளிது. எல்லாம் பெரிது பெரிதாக இருக்கிறது. சாதாரண ஸ்குரூடிரைவரும் சாலிடரிங் இரும்பும் போதும். உதிரிப் பாகங்களைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். மோட்டார் மெர்க்லினைப் போலச் சுருள் வகை. தேய்வது திசை மாற்றும் உருளையும் அதைத் தொடும் மெல்லிய செம்பு விரல்களும். ஊதல் வேலை செய்யும் விதம் எனக்குப் பிடித்தமானது: ஓடுவது மாறுதிசை மின்சாரத்தில், அதன்மேல் கொஞ்சம் நேர் மின்சாரத்தை ஏற்றினால் ரிலே விழித்துக்கொண்டு ஊதலை இயக்கும். அதனால் லயனலை நேர் மின்சாரத்தில் ஓட்டிப்பார்த்தால் ஓடும். ஊதல்தான் வாயை மூடாது. டப்ளோவை மட்டும் தவறிக்கூட மாறுதிசை மின்சாரத்தில் வைக்காதீர்கள். நகராது; முனகிக்கொண்டே சூடாகும்.

டிரையாங்கை ஏன் போட்டியில் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். மலிவு, இரண்டு தண்டவாளம், பழுதுபார்க்க எளிய மோட்டார் எல்லாம் உண்மை. ஆனால் ஆரம்பகாலப் பெட்டிகளின் பிளாஸ்டிக் வெயிலில் காயவைத்த அப்பளம் போல நெளிந்துவிடுகிறது. அதற்கு மேல் எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

முடிவாக ஒன்றைத்தான் வாங்க முடியும் என்பவருக்கு நான் மெர்க்லினைச் சொல்வேன். ஓட்டத்தான் வாங்குகிறீர்கள், அது ஓடும். வீட்டில் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் லயனல். நின்றுபோன என்ஜினைப் பிரிக்கும்போதுதான் மகிழ்ச்சி என்றால், விலையும் குறைவு, நோயும் அதிகம் என்பதால் டப்ளோ. நான் மூன்றாவது ரகம்.

வாங்கிய பிறகு இரண்டு விஷயம். மறுவண்ணம் பூசாதீர்கள், உரிந்த பழைய வண்ணத்துக்கு உள்ள மதிப்பு பளபளக்கும் புது வண்ணத்துக்குக் கிடையாது. 1957இல் பெண்குழந்தைகளுக்கென்று லயனல் விட்ட இளஞ்சிவப்பு ரயில் அன்று விலைபோகவில்லை, இன்று அரும்பொருள். அதனாலேயே சாதாரண வண்டிக்கு இளஞ்சிவப்பு பூசி ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது டிரான்ஸ்பார்மர். லயனலுடையது அமெரிக்காவின் 115 வோல்ட்டுக்கானது. நம் ஊர் 230 வோல்ட்டில் நேரே செருகினால் புகை என்ஜினிலிருந்து வராது. இடையில் மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்று வேண்டும். அப்போதும் நம் 50 ஹெர்ட்ஸில் சற்றுக் கூடுதலாகவே சூடாகும். மெர்க்லினின் பழைய நீலநிற டிரான்ஸ்பார்மர்கள் 220 வோல்ட்டுக்கானவை, எனவே செருகலாம். ஆனால் நம் 230 வோல்ட்டில் திசை மாற்றும் துடிப்பு 24 வோல்ட்டைத் தாண்டிப் போவதால் மின்னணுப் பாகங்கள் உள்ள புது என்ஜின்களை அதில் ஓட்டக் கூடாது. எதுவானாலும் முதலில் கம்பியின் உறையை விரலால் மடித்துப் பாருங்கள். வெடித்தால் அந்தக் கம்பியை மாற்றாமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.