பழைய ஆம்ப்ளிஃபயருக்கு வண்ணாரப்பேட்டைப் பட்டறை: எதைக் கொடுக்கலாம், எதைக் கூடாது

எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளுக்குப் பின்னால் உள்ள சந்தில், பெயர்ப்பலகைகூட இல்லாத பட்டறை இது. ஒரு மேசை, இரண்டு ஆள். 70கள், 80களின் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் பழுதென்றால் வடசென்னையில் முதலில் இங்கேதான் கொண்டுபோகலாம். ரெக்கார்ட் பிளேயரைக் கொண்டுபோக வேண்டாம்.

செட்டை வாங்கியதும் நேராக பிளக்கில் சொருக மாட்டார்கள். 100 வாட் குண்டு பல்பு சீரீஸில் மாட்டிய பலகையில்தான் முதல் பவர். பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் உள்ளே பெரிய ஷார்ட் இல்லை. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் அவுட்புட் டிரான்சிஸ்டரோ பிரிட்ஜ் ரெக்டிஃபயரோ போயிருக்கும். (எல்.இ.டி. பல்பு இந்த வேலைக்கு ஆகாது.) அடுத்து ஸ்பீக்கர் முனையில் டி.சி. அளக்கிறார்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால்தான் ஸ்பீக்கர் மாட்டுவது. அங்கே வோல்ட் கணக்கில் டி.சி. நின்றால் வூஃபர் காயில் கருகிவிடும்.

இந்தப் பட்டறையின் நிஜமான பலம் பயாஸ் வேலை, அதாவது பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஓடும் சின்ன கரண்ட்டைச் சரியான அளவில் வைப்பது. காஸ்மிக், சோனோடைன் காலத்து நம்மூர் செட்டுகளில் 2என்3055 என்ற அவுட்புட் டிரான்சிஸ்டர் நிறைய உண்டு. அது எரிந்தால் மற்ற இடங்களில் புதிதாக இரண்டைப் போட்டு, பாட்டு வந்ததும் கொடுத்துவிடுவார்கள். சில வாரத்தில் மறுபடி எரியும். குற்றவாளி பெரும்பாலும் பக்கத்திலிருக்கும் சின்ன பிரீசெட், அதாவது பயாஸைத் திருகி அமைக்கும் ரெசிஸ்டர். மூடியில்லாத கார்பன் பிரீசெட்டின் நடுக்கால் தொடர்பு விட்டால், பயாஸைப் பிடித்துவைக்கும் டிரான்சிஸ்டர் அணைந்துபோகும். அவுட்புட் வழியே கரண்ட் எகிறும், சூடு ஏறும், சூட்டால் கரண்ட் இன்னும் ஏறும். இங்கே பழைய பிரீசெட்டை எடுத்துவிட்டு, பல சுற்று திருகி நுணுக்கமாக அமைக்கும் மல்டிடர்ன் பிரீசெட் போடுகிறார்கள். பிறகு எமிட்டர் ரெசிஸ்டர் மேல் மீட்டர் வைத்து அளவு எடுக்கிறார்கள். 0.33 ஓம் மேல் 10 மில்லிவோல்ட் என்றால் சுமார் 30 மில்லிஆம்பியர். செட்டு சூடேறியபின் இன்னொரு முறை பார்த்துத்தான் மூடுகிறார்கள். டிரான்சிஸ்டருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே உள்ள மைக்கா ஷீட் கிழியாமல் இருக்கிறதா என்று பார்ப்பதும், ஹீட்சிங்க் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவுவதும் தனியாகச் சொல்லவேண்டிய ஒழுங்கு. அப்பிவைத்தால் வெப்பம் கடத்துவதற்குப் பதில் தடுக்கும்.

போலி 2என்3055 பற்றியும் தெரிந்தவர்கள். அசலின் கணக்கு 60 வோல்ட், 15 ஆம்பியர். போலியின் மூடியைத் திறந்தால் உள்ளே கடுகளவு சில்லுதான் இருக்கும், கொஞ்சம் லோடு ஏறினாலே போய்விடும். ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் நீங்களே வாங்கிக் கொடுத்தாலும் சோதித்துத்தான் போடுகிறார்கள்.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்து செட்டுகளில் உப்புக்காற்று செய்யும் சேதம் தனி. ஒரு சேனல் அவ்வப்போது காணாமல்போய், வால்யூமை ஏற்றினால் திரும்பி வந்தால் ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயின் காண்டாக்ட் கறுத்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் வெள்ளிப் பூச்சு போய்விடும், ரிலேயை மாற்றுவதே சரி. வால்யூம் கரகரத்தால் காண்டாக்ட் கிளீனர் அடித்து, குமிழை இருபது முப்பது தடவை முழுசாகத் திருப்பினால் பெரும்பாலும் சரியாகும். துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரே அடித்துக்கொண்டு வருபவர்களுக்குத் திட்டு உறுதி. அதுவும் நியாயம்தான்.

அப்கிரேடு கேட்டுப் போனால் ஏமாற்றமாக இருக்கலாம். “நல்லாத்தான் கீது சார், எதுக்கு மாத்தணும்?” என்பார் மூத்தவர். முக்கால்வாசி நேரம் அவர் சொல்வது சரி. உப்பிய, கசிந்த, அளவில் தேறாத கண்டென்சர் மட்டுமே மாறுகிறது. 28 வோல்ட் சப்ளைக்கு 35 வோல்ட் கண்டென்சர் போடுவதில்லை. இரவில் லைன் 250 தொட்டால் சப்ளையும் 30 தாண்டும் என்பதால் 50 வோல்ட், 105 டிகிரி ரகம். 4,700 மைக்ரோஃபேரட் இருந்த இடத்தில் 22,000 போடச் சொன்னால் மறுத்துவிடுவார். சுவிட்ச் போட்ட கணத்தில் இழுக்கும் கரண்ட் ஃபியூஸையும் பிரிட்ஜையும் பதம் பார்க்கும்.

இனி குறைகள். புளூடூத் போர்டை செட்டுக்குள்ளேயே வைத்து, அதே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 5 வோல்ட் எடுக்கிறார்கள். இரண்டுக்கும் கிரவுண்ட் ஒன்றாகிச் சுற்றுவதால் (கிரவுண்ட் லூப்) கீச்சென்ற இரைச்சல் பாட்டோடு வருகிறது. தனி அடாப்டரோடு வெளியே வைக்கச் சொல்லுங்கள். ரெக்கார்ட் பிளேயர் பெல்ட்டைக் கண்ணளவில் தேர்ந்தெடுக்கிறார்கள். புல்லியையும் தட்டையும் சுற்றி நூல் வைத்து அளந்து, அதைவிட ஐந்து சதவீதம் குறைவாக எடுப்பதே முறை. பெல்ட் தடிமன் மாறினாலும் 33⅓ வேகம் தப்பும், 50 ஹெர்ட்ஸ் ஸ்ட்ரோப் தட்டு வைத்துப் பார்க்கும் வழக்கமும் இங்கே இல்லை. ஸ்பீக்கர் ரீகோனிங் (கூம்பு, விளிம்பு மாற்றும் வேலை) வெளியே போகிறது. உதிர்ந்த ஃபோம் விளிம்புக்குப் பதில் விறைப்பான துணி விளிம்பு ஒட்டி வருகிறது, பேஸ் (அடிநாதம்) ஆழம் குறைகிறது. ஃபோமே வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கழற்றிய பாகங்களைக் கேட்காமலே பொட்டலம் கட்டித் தருகிறார்கள், பயாஸ் அளவையும் துண்டுச்சீட்டில் எழுதித் தருகிறார்கள். அந்தச் சீட்டை மூடிக்குள்ளேயே ஒட்டிவையுங்கள், அடுத்த ரிப்பேருக்கு உதவும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எம்.சி. ரோட்டுக்குள் பதினைந்து கிலோ பெட்டியோடு நுழைய முடியாது. ஜப்பான் உள்நாட்டு செட்டு வைத்திருப்பவர்கள் வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்தே எடுத்துப் போங்கள். 100 வோல்ட் செட்டை 110 வோல்ட் டேப்பில் ஓட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் தேவைக்கு மேல் சூடாகும், அதையும் அங்கேயே அளந்து சொல்லிவிடுவார்கள்.